கலங்கி வந்த கசிவு

காலை ஆறரை மணிக்கு ஓவர்சியர் கரையின் அடிவாரத்துக்கு இறங்கியபோது மழை சற்று விட்டிருந்தது. எட்டு நாளாக ஓயாமல் பெய்த மழை. சரிவில் புல் வழுக்கியது. ஒரு கையில் குடை, மறு கையில் வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில். பக்கவாட்டில் கால் வைத்து வைத்து இறங்கினாள். பதினான்கு வருடமாக இறங்கி ஏறிய சரிவு அது. கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

அது ஒன்றும் பெரிய அணை இல்லை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே நாற்பதடி உயரத்தில் எழுப்பிய மண் கரை. கரைக்கு அடியில் ஒரு பாசனக் குழாய் போகிறது. மேலே உள்ள இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால் மதகு தூக்கிக்கொண்டு, குழாய் வழியாக வாய்க்காலுக்குத் தண்ணீர் போகும். அணை நிரம்பிவிட்டால் உபரித் தண்ணீர் தானாக வழிந்து போவதற்கு வலது ஓரத்தில், கரையை விடத் தாழ்வாக, கல்லால் கட்டிய ஒரு கலிங்கு உண்டு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவெல்லாம் அடிவாரத்தில் ஒரு சிமெண்ட் தொட்டிக்கு வந்து, அதன் முகப்பில் பதித்த தகட்டின் வெட்டு வழியாக வெளியே விழும். எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்கு விழுகிறது என்று தினமும் பார்த்து எழுதுவது அவள் வேலை. கோடையில் நான்கு, ஐந்து. நல்ல மழையில் ஏழு, எட்டு.

அன்று பதினொன்று.

அந்த எண் அவளை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. சரிவில் விழுந்த மழையும் தொட்டிக்கு வந்திருக்கலாம். பாட்டிலைக் கழுவி, விழுகிற தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

பாட்டில்தான் அழுக்கோ என்று கொட்டிவிட்டு மறுபடி கழுவினாள். மறுபடி பிடித்தாள். அதே நிறம். மூன்றாவது தடவை புடவைத் தலைப்பால் உள்ளே துடைத்துவிட்டுப் பிடித்து, தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு எதிரே குந்தி உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் பாட்டிலின் அடியில் விரல் நகத்தின் கனத்துக்கு மாவு போன்ற மண் படிந்தது.

தெளிந்த கசிவு என்றால் கரைக்கு வேர்க்கிறது, அவ்வளவுதான். கலங்கிய கசிவு என்றால் கரை உள்ளுக்குள் கரைந்து தண்ணீரோடு வெளியே வந்துகொண்டிருக்கிறது. எங்கேயோ ஒரு துளை விழுந்திருக்கிறது. அது எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை மேலே இருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அவள் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். பச்சைப் புல்லும் இரண்டு கொக்குகளுமாக, எந்தக் கேடும் இல்லாதது போல் அது நின்றிருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஓடிப் போய் அபாயச் சங்கின் பொத்தானை அமுக்கியிருப்பார்கள். அவளால் முடியவில்லை. காரணம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே போன்ற ஒரு மழையில் கசிவு பன்னிரண்டைத் தொட்டது. அவள் பதறிப்போய்ச் சங்கை ஊதிவிட்டாள். கரைக்குக் கீழே இருக்கிற தொண்ணூற்றாறு வீட்டு ஜனங்களும் குழந்தை குட்டிகளோடு கொட்டுகிற மழையில் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடினார்கள். ஓட்டத்தில் தையற்காரர் ஒருவர் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று தொட்டிக்கு வந்தது வெறும் மழைத் தண்ணீர். பாட்டிலில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதற்றத்தில் அவள் பார்க்கவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கடைத்தெருவில் அவளைக் கண்டால், "சங்கு அக்கா வர்றாங்க, மூட்டையைக் கட்டுங்கடா" என்று சிரிப்பார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எதையும் மூன்று தடவை பார்த்த பிறகுதான் எழுதுவாள். எழுதியதை வாய் திறந்து சொல்வது அதைவிடக் குறைந்துபோனது.

அதனால்தான் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டிருந்தாள். பத்தொன்பது நாளுக்கு முன்பு கலிங்கின் மேல் யாரோ இரும்புக் கம்பி நட்டு, பலகை அடுக்கி, மணல் மூட்டை சாத்தியிருந்தார்கள். ஒன்றரை அடி உயரம். உபரியாகப் போக வேண்டிய தண்ணீரை நிறுத்தி வைப்பதற்கான ஏற்பாடு. யாரோ என்ன யாரோ, பாசன சங்கத் தலைவர்தான். அவர் அவளுடைய தங்கையின் கணவர். "ரெண்டாவது சாகுபடிக்கு ஒரு தண்ணி கூடக் கிடைக்கும், அண்ணி. நீங்க இந்தப் பக்கம் ஒரு வாரம் வராம இருந்தா போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கண்டும் காணாமல் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த மழை பிடித்தது.

மதகுக்காரர் சரிவில் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். எந்த வேலையையும் அவசரப்படாமல் செய்வார் என்பதால் ஊரில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். "என்ன மேடம், காலையிலேயே பாட்டிலும் கையுமா உட்கார்ந்திருக்கீங்க? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?" என்றபடி வந்தார்.

அவள் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கி, ஆட்டாமல் அடியைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"குழாய் பக்கம் பார்த்தீங்களா?"

"இல்லண்ணே. தனியாப் போக மனசு வரல."

இரண்டு பேரும் அடிவாரத்தை ஒட்டி நடந்தார்கள். பாசனக் குழாய் வெளியே வருகிற கல் கட்டுக்கு இருபது அடி முன்னால் அவர் சட்டென்று நின்று, கையை நீட்டி அவளைத் தடுத்தார். புல்லுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஊற்று. உலையில் தண்ணீர் கொதிப்பது போல் குமிழ் விட்டு மேலே வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் அது கக்கிய மண், எறும்புப் புற்று போல் வளையமாகக் குவிந்திருந்தது. நேற்று மாலை அந்த இடத்தில் அது இல்லை.

நிதானம் ஒரு காலை முன்னால் வைத்துப் பார்த்தார். கணுக்கால் வரை உள்ளே போனது. காலை உருவிக்கொண்டு பின்னால் வந்தார். பேச்சு ஓயாத அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு நின்றது, ஊற்றைப் பார்த்ததை விட அவளை அதிகம் பயமுறுத்தியது.

அலுவலகம் கரையின் இடது முனையில், பள்ளிக்கூட மேட்டை ஒட்டி இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஓதம் ஏறிய அணையின் வரைபடம். அங்கிருந்து பெரிய இன்ஜினியருக்குப் போன் போட்டாள். நான்காவது முறைதான் எடுத்தார்.

"கலங்கலா வருதா? மழைத் தண்ணியா இருக்கும்மா."

"இல்ல சார். பாட்டில்ல பிடிச்சுப் பார்த்துட்டேன். குழாய் பக்கம் ஊற்று கிளம்பியிருக்கு. மண்ணைக் கக்குது."

"சரி, நான் வந்து பார்க்கறேன். ரோட்டுல பாலம் முங்கிக் கிடக்கு. சுத்தி வர மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் சங்கு கிங்குன்னு கிளம்பிடாதீங்க. போன தடவை பட்ட அசிங்கம் போதும்."

"மத்தியானம் வரைக்கும் தாங்கலைன்னா சார்?"

"உங்க பொறுப்புல எதுவும் செய்யாதீங்கன்னுதான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊதினால் ஊர் சிரிக்கும், வேலையும் போகலாம். ஊதாவிட்டால்? ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தொண்ணூற்றாறு கூரைகள். முன் வரிசையில் நான்காவது, நீலத் தகரம் போட்டது தங்கையின் வீடு. உள்ளே பதினோரு நாள் குழந்தை.

"அண்ணே, முதல்ல தண்ணியைக் குறைப்போம். மதகை முழுசாத் தூக்குங்க."

"தூக்கறேன். ஆனா அது மட்டும் பத்தாது மேடம்." நிதானம் வாசலில் நின்றபடியே சொன்னார். "அந்தப் பலகையைக் கழற்றணும்."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் கூப்பிட்ட கால் மணி நேரத்தில் தலைவர் ஐந்து ஆட்களோடு மோட்டார் சைக்கிள்களில் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். ஊருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பவர். அதே அளவுக்குப் பிடிவாதக்காரர். மதகு தூக்கியதைப் பார்த்ததுமே முகம் சிவந்திருந்தது.

"என்ன அண்ணி இது? யாரைக் கேட்டு மதகைத் திறந்தீங்க? பலகையையும் கழற்றணுமாம். ஒன்றரை அடி தண்ணி மொத்தமா வழிஞ்சா கீழ்வயல் பூரா முங்கிடும். இன்னும் இருபது நாள்ல அறுப்பு. அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்ல?"

"கரை உடைஞ்சா பதில் கேட்க ஆள் இருக்க மாட்டாங்க, மாப்பிள்ளை."

பின்னால் நின்றவர்களில் ஒருவர், "சங்கு அக்கா ஆரம்பிச்சுட்டாங்க" என்று முணுமுணுத்தார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பழைய நாளாக இருந்தால் அவள் அங்கேயே சுருண்டிருப்பாள். இப்போது அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. பாட்டிலைத் தலைவரின் கையில் கொடுத்தாள். "இதுல இருக்கிற மண்ணு எங்கிருந்து வருது? சொல்லுங்க. வானத்துல இருந்தா?"

"மழையில மண்ணு வராம பின்ன என்ன வரும்?"

"வாங்க என்கூட."

ஊற்று இப்போது தட்டு அகலத்திலிருந்து முறம் அகலத்துக்கு வந்திருந்தது. தலைவர் அதைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். அப்போதும் நம்பவில்லை. ஆள் ஒருவரின் கையில் இருந்த கடப்பாரையை வாங்கி, எட்டி நின்று, ஊற்றின் நடுவே ஒரு குத்துக் குத்தினார். தரை எங்கே இருக்கிறது என்று பார்க்க நினைத்தார் போலும். அழுத்தவே தேவைப்படவில்லை. ஐந்தடிக் கடப்பாரை அவர் கையிலிருந்து நழுவி, தன் பாட்டுக்கு உள்ளே இறங்கியது. நுனி தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. குமிழ் மட்டும் முன்னை விடப் பெரிதாக வந்தது.

சிரித்த ஆட்கள் இரண்டு பேரும் தாமாகவே நாலடி பின்னால் போயிருந்தார்கள். தலைவர் வெறும் கையை விரித்தபடி நின்றார்.

"அண்ணி," என்றார், குரல் வெளியே வராமல். "வீட்ல புள்ள இருக்கு."

"நான் போறேன். நீங்க பலகையைப் பாருங்க. தண்ணி அழுத்திட்டு நிக்குது, இடுப்புல கயிறு கட்டாம ஒருத்தரும் இறங்கக் கூடாது. கழற்றின உடனே வலது பக்கக் குன்று மேல ஏறிடணும். கரை வழியாத் திரும்பி வராதீங்க."

அவர் ஓடினார். அவள் அலுவலகத்துக்கு ஏறிப் போய்ச் சங்கின் பொத்தானை அமுக்கினாள்.

சங்கு நீளமாக ஊளையிட்டது. அவள் ஜன்னலில் நின்று கீழே பார்த்தாள். கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலுக்கு வந்து கரைப் பக்கம் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ஒரு பெண் இடுப்பில் கை வைத்துச் சிரிப்பது அங்கிருந்தே தெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கதவுகள் மூடின.

இரண்டு நிமிடம் ஊதியும் தெருவில் ஒருவரும் இல்லை.

அந்த வெறும் தெருவைப் பார்த்தபோது வந்த பயம் அதுவரை அவள் அறியாதது. முதுகில் யாரோ பனிக்கட்டியை வைத்து இழுத்தது போல இருந்தது. சங்கை ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். நிதானம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மதகு பாதியில் சிக்கியிருந்தது. இம்மி இம்மியாகத்தான் ஏறியது. "நீங்க போங்க மேடம், நான் பார்த்துக்கறேன்" என்று திரும்பாமலே சொன்னார்.

தெருவுக்குப் போகிற பாதை கரைக்கு முதுகைக் காட்டிப் போகிறது. அந்த முந்நூறு அடியை அவள் வாழ்நாளில் மறக்கவில்லை. பின்னால் ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் காது விடைத்தது. திரும்பிப் பார்த்தால் கால் ஓடாது என்று தோன்றியதால் திரும்பவில்லை.

முதல் வீட்டில் கதவைத் தட்டினாள். "இப்பதானேக்கா அடுப்பு பத்த வெச்சேன்" என்றாள் அந்த வீட்டுக்காரி. இரண்டாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீடு தையற்காரருடையது. தடியை ஊன்றி வாசலுக்கு வந்தவர், தன் காலைக் காட்டி, "இன்னொண்ணும் வேணுமாம்மா உனக்கு?" என்று கேட்டார். அவள் நான்காவது வீட்டுக்கு ஓடினாள்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, உன் சங்கு காதைப் பிளக்குது. பாரு, இவ முழிச்சுட்டா."

"கிளம்பு."

"மழையிலயா? பச்சை உடம்பு, பதினோரு நாள் புள்ள. போன தடவை மாதிரி..."

"கரை போகப் போகுது," என்றாள் அக்கா. கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில் சொன்னாள். "எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல. நான் கூப்பிட்டா யாரும் வர மாட்டேங்கறாங்க."

தங்கை அவள் முகத்தைப் பார்த்தாள். போன தடவை இந்த அக்கா தெருத்தெருவாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது எதிரே நிற்பவளின் உதட்டில் ரத்தமே இல்லை. புடவைத் தலைப்பெல்லாம் செம்மண்.

தங்கை குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஒரு பழைய போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் நேரே மேட்டுக்குப் போகவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் நின்றாள்.

"மாமா, நான் புள்ளையைத் தூக்கிட்டுப் போறேன். நீங்க வர்றீங்களா, உங்க மகனைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லட்டுமா?"

தையற்காரர் அவளைப் பார்த்தார், அவள் மார்பில் இருந்த மூட்டையைப் பார்த்தார். தடியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

அதன் பிறகு சொல்ல வேண்டியது அதிகம் இருக்கவில்லை. பிள்ளை பெற்றுப் பதினோரு நாளே ஆனவள் மழையில் தெருவில் நடந்து போவதைப் பார்த்த எவருக்கும் வீட்டுக்குள் உட்கார மனம் வரவில்லை. "அவளே போறாளே" என்று ஒருத்தி சொன்னாள். கதவுகள் திறந்தன. மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். பாத்திரம் பண்டம் என்று திரும்பியவர்களைத் தங்கை ஒரு அதட்டு அதட்டினாள். ஓவர்சியர் பின்னாலேயே வீடு வீடாக நுழைந்து, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வாசல் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டாள். கடைசிக் கோடு போட்டு முடித்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது.

பள்ளிக்கூட மேட்டிலிருந்து பார்த்தால் அணை முழுவதும் தெரியும். கலிங்கில் பலகை போயிருந்தது. தண்ணீர் வெள்ளை வெளேரென்று அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வயல்களில் பயிர் நுனி மட்டும் தெரிந்தது. தலைவரும் ஆட்களும் வலது குன்றின் மேல் புள்ளி புள்ளியாக நின்றார்கள். அணையின் நீர்மட்டம் மூன்று அடிக்கு மேல் இறங்கியிருந்தது. மேற்புறச் சரிவில் ஈரக் கோடு அதைக் காட்டியது.

பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கரை அப்படியே நின்றது. வகுப்பறைகளில் குழந்தைகள் அழுதன. "மறுபடியும் ஒண்ணும் இல்ல போலிருக்கே" என்று ஒரு குரல் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை என்றாலும் அவளுக்குக் காது சுட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கரை உடைந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள். நினைத்ததும் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாகிவிட்டது.

அப்போதுதான் சக்கரத்தருகே நிதானம் இன்னும் நிற்பதைக் கவனித்தாள். மதகு முழுவதும் ஏறியிருக்கவில்லை. மனிதர் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கரையின் உச்சியில், மோட்டார் சைக்கிள் போகிற மண் தடத்தில் ஒரு கறுப்புக் கோடு. காலையில் அவள் நடந்து வந்த தடம் அது. அப்போது கோடு எதுவும் இல்லை.

போன் போட்டாள். அவர் சட்டையைக் கழற்றி அலுவலக ஆணியில் மாட்டியிருந்தார். போன் அதன் பையிலிருந்து அடித்தது. கரையின் முனைக்கு ஓடி, "அண்ணே, வந்துடுங்க" என்று கூப்பிட்டாள். கலிங்கும் ஓயாத சங்கும் சேர்ந்த இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. உள்ளே ஓடிச் சங்கை நிறுத்தினாள், ஊதினாள், நிறுத்தினாள், ஊதினாள். நீளமாக ஊதிக்கொண்டிருந்த சங்கு திக்கித் திக்கி ஊதியதும் அவர் தலையைத் திருப்பினார். அவள் வெளியே வந்து இரண்டு கையையும் வீசினாள். அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம் இரு, இன்னும் நாலு சுற்றுதான் என்று அர்த்தம்.

அவருக்குப் பின்னால் இருந்த தரை, அலுங்காமல் குலுங்காமல், ஒரு பாய் அகலத்துக்கு உள்ளே இறங்கியது.

அவர் பார்த்துவிட்டார். நிதானம் ஓடி அன்று வரை ஒருவரும் பார்த்ததில்லை. சக்கரத்தை விட்டுவிட்டு, குழியின் ஓரத்தில் எட்டிக் கால் வைத்துத் தாண்டி, செருப்பு ஒன்று எங்கோ போக, கையைத் துடுப்பு மாதிரி வீசிக்கொண்டு ஓடி வந்தார். அவர் காலுக்குப் பின்னால் தடம் துண்டு துண்டாகச் சரிந்தது. அவள் கரையின் மேல் இருபது அடி உள்ளே போயிருந்தாள். எப்போது போனோம் என்று அவளுக்கே தெரியாது. அவர் கை எட்டியதும் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். இரண்டு பேரும் குன்றின் பாறை மேல் குப்புற விழுந்தார்கள்.

திரும்பிப் பார்த்தபோது சக்கரம் இல்லை. கரையின் நடுவில் ஒரு வாய் திறந்திருந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது. காதால் கேட்பதற்கு முன்னால் பாறை அதிர்ந்து நெஞ்சில் உறைத்தது. செந்தண்ணீர் எழும்பிப் புரண்டு தெருவுக்குள் நுழைந்தது. முன் வரிசை வீடுகள் நின்றபடியே நகர்வது போல் நகர்ந்து, பிறகு இல்லாமல் போயின. நீலத் தகரம் சற்று தூரம் மிதந்து போனது தெரிந்தது. மேட்டில் நானூறு பேர் நின்றிருந்தார்கள்.

பதினேழு வீடுகள் தரையோடு போயின. மற்றவற்றில் ஆள் மட்டத்துக்குச் சேறு. ஆறு மாடுகள் செத்தன. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. மூன்றடி தண்ணீரை முன்பே வடித்திருக்காவிட்டால் வெள்ளம் பள்ளிக்கூட மேட்டின் படி வரை வந்திருக்கும் என்று பிறகு வந்து அளந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டபோது நிதானம், "அப்ப என் செருப்பு போனது சும்மா போகலை" என்றார். பேச்சு திரும்பியிருந்தது. ஆனால் அவர் அதற்குப் பிறகு எந்தக் கரையின் மேலும் நடக்கவில்லை. நடக்க வேண்டாத வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் விசாரணை நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை, குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சு. விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். பெரிய இன்ஜினியர் ஓரமாக உட்கார்ந்து, ஜனங்களை வெளியேற்றச் சொல்லிப் போனிலேயே தான் அறிவுறுத்தியதாகச் சொன்னார். ஓவர்சியர் அதை மறுத்தாள். தலைவர் எழுந்து, பலகை வைத்தது தான்தான் என்றும் வேறு யாருக்கும் அதில் பங்கில்லை என்றும் சொன்னார். அண்ணியைக் காப்பாற்றுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அதிகாரி அவள் வாக்குமூலத்தை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். கரையின் மேல் நின்றபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும். ஊர் இப்போது அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. தையற்காரர் தன் கையால் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"இதுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்," என்றாள். "பலகையை நான் பார்த்தேன். கரை உடையறதுக்குப் பத்தொன்பது நாள் முன்னாடியே பார்த்தேன். யாருகிட்டயும் சொல்லல."

"ஏம்மா?"

"பயந்தேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல சார். சிரிப்பாங்களேன்னு."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியை எழுதினார். பெஞ்சின் மறுமுனையில் தங்கை குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கணவர் பலகை வைத்தது அவளுக்கு முன்பே தெரியும். அதற்கு வீட்டில் சண்டை போட்டு ஓய்ந்திருந்தாள். இது புதிது.

வெளியே வராந்தாவில் அவள் அக்காவை நிறுத்தினாள். சத்தம் போடவில்லை.

"பத்தொன்பது நாளா தெரியுமா உனக்கு? அதுல பதினோரு நாள் இவ அந்த வீட்லதான் படுத்திருந்தா. தினமும் வந்து கொஞ்சிட்டுப் போனியே."

தங்கை குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

ஓவர்சியரை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு எண்பது மைல் தள்ளி வேறொரு அணைக்கு மாற்றினார்கள். இன்ஜினியரின் பதவி உயர்வு நின்றது. ஊர்க்காரர்களுக்கு மேட்டை ஒட்டிப் புது வீடுகள் கட்டித் தந்தார்கள். தலைவர் சங்கத்தை விட்டு விலகி, தன் வயலோடு நின்றுகொண்டார். தங்கை போன் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை கூப்பிட்டு, மணி அடித்து அடங்கும் வரை காத்திருந்து, அக்கா வைத்துவிடுவாள். புது அணையில் கல் கட்டில் ஒரு முடி அளவு கீறல் கண்டாலும் அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, வாயாலும் சொன்னாள். அங்கேயும் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். முகம் சுட்டது, உள்ளங்கை வேர்த்தது. இருந்தும் சொன்னாள்.

பதினோராவது மாதம் தங்கையே கூப்பிட்டாள்.

"பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா," என்றாள். குரலில் இன்னும் பழைய இழைவு இல்லை. "ஞாயித்துக்கிழமை லீவு இருந்தா வா."

"வர்றேன்," என்றாள் அக்கா. இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள் தங்கை வைத்துவிட்டாள். அக்கா எழுந்து போய் லீவுக்கு எழுதினாள்.